குடோன் மூலையில் ஒரு கம்ப்யூட்டர்: திருப்பூர் யூனிட்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி, நிட்டிங், பனியன் யூனிட் நடத்துவோருக்கும், அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்கும்,

1990-களில் வாங்கிய கம்ப்யூட்டர்கள் மற்ற ஊர்களில் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. திருப்பூரில் சில இன்னும் தப்பிக் கிடக்கின்றன. அதற்குக் காரணம் ஃப்ளாப்பி. டஜிமா, பருடான் போன்ற ஜப்பானிய மல்டிஹெட் எம்பிராய்டரி மெஷின்களின் பழைய மாடல்கள் டிசைனை 3.5 அங்குல ஃப்ளாப்பியில்தான் வாங்கிக்கொள்ளும். பஞ்சிங் முடிந்த டிசைனை டிஎஸ்டி ஃபைலாக ஃப்ளாப்பியில் ஏற்றித் தர, அந்த டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். பஞ்சிங் சாஃப்ட்வேரின் டாங்கிள் பேரலல் போர்ட்டில்தான் செருகும். புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட் கிடையாது. சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையையே நிறுத்திவிட்டது. எம்பிராய்டரி மெஷினுக்கு அது தெரியாது. அதற்கு வேண்டியது ஃப்ளாப்பி. பிறகு பென் டிரைவ் வாங்கிக்கொள்ளும் மெஷின் வந்ததும், பழைய கம்ப்யூட்டர் மேஜைக்கு மேலிருந்து கீழே இறங்கி, அங்கிருந்து குடோனில் கோன் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

பழைய கேம்களை அவை பிறந்த காலத்து மெஷினிலேயே ஓட்ட நினைப்பவர்கள் தேடி அலைவது இதே மாதிரிக் கம்ப்யூட்டரைத்தான். இன்றைய 64 பிட் விண்டோஸ், டாஸ் காலத்து 16 பிட் புரோகிராமை ஏற்பதே இல்லை. அந்தக் கேம்கள் சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசின. அந்தக் கார்டைச் செருக வேண்டிய ஐஎஸ்ஏ ஸ்லாட் 2000-த்துக்குப் பிறகு சாதாரண மதர்போர்டுகளிலிருந்து மறைந்துவிட்டது. ஃப்ளாப்பி டிரைவ், பேரலல் போர்ட், ஐஎஸ்ஏ ஸ்லாட் மூன்றும் ஒரே கேபினட்டில் இருப்பது இன்று அரிது. அதைக் கிலோ கணக்கில் தூக்கிக் கொடுப்பது நஷ்டம். கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கிப் பார்க்கலாம்.

முதல் வேலை, அது எந்த வயது மெஷின் என்று தெரிந்துகொள்வது. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் ஸ்லாட்டுகளே சொல்லிவிடும். நீளமான கறுப்பு ஸ்லாட் ஐஎஸ்ஏ. குட்டையான வெள்ளை ஸ்லாட் பிசிஐ. அவற்றைவிட உள்ளே தள்ளி இருக்கும் பழுப்பு நிற ஸ்லாட் ஏஜிபி. கறுப்பு மட்டுமே இருந்தால் அது 386 அல்லது 486. கறுப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் பென்டியம் காலம். மூன்றும் இருந்தால் பென்டியம் 2 அல்லது 3. அதுதான் ஆகச் சிறந்த பிடிப்பு: 1980-களின் கேமிலிருந்து 2000 வரை அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஓட்டலாம். வெள்ளை ஸ்லாட் மட்டும் உள்ள, கிராஃபிக்ஸும் சவுண்டும் போர்டிலேயே பதித்து வந்த இன்டெல் 810 வகை ஆபீஸ் கம்ப்யூட்டர் ஊரில் நிறைய விற்றது. அது கணக்கு எழுத நல்ல மெஷின். டாஸ் கேம் சத்தத்துக்கு அது ஒத்துவராது. விண்டோஸ் 98 கேம்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வயது தெரிந்த பிறகும் ஸ்விட்சைப் போடக் கூடாது. உள்ளே இருப்பது யூனிட்டின் சொத்து. இருபது வருடத்து டிசைன்கள், பார்ட்டிவாரியான எம்பிளம் ஃபைல்கள், டாஸ் காலத்து டேலி கணக்கு என்று அந்த ஹார்ட் டிஸ்க்கில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. 40 பின் ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி மாற்றி ஒன்றின் மூலம் இன்றைய கம்ப்யூட்டரில் இணைத்து, முழு டிஸ்க்கையும் ஓர் இமேஜாக நகல் எடுத்துவிட வேண்டும். டிஸ்க் சுழலும்போது ‘டக் டக்’ என்று சீரான தட்டல் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்ப முயல்வதுதான் மிச்சம் இருப்பதையும் அழிக்கும். டாங்கிளைத் தனியாக எடுத்து, எந்த சாஃப்ட்வேருக்கு உரியது என்று எழுதி வைக்க வேண்டும். விரல் நீளமே உள்ள பிளாஸ்டிக் துண்டு அது. அந்த மேஜையில் இருந்தவற்றிலேயே அதிக விலை கொடுத்து வாங்கியதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஃப்ளாப்பிகளையும் அப்படியே டிரைவில் போடக் கூடாது. உலோக மூடியை விரலால் ஒதுக்கிப் பார்த்தால், உள்ளே இருக்கும் பழுப்புத் தகட்டில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தால் தெரியும். அப்படி ஒன்றைப் போட்டால் டிரைவின் ஹெட் அழுக்காகி, அடுத்து வரும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். ஃப்ளாப்பியோடு வைரஸும் வரும். 1990-இல் இந்தியாவில் வெளிப்பட்ட ஜோஷி வைரஸ் ஜனவரி 5 அன்று கம்ப்யூட்டரை நிறுத்திவைத்து, ‘ஹேப்பி பர்த்டே ஜோஷி’ என்று டைப் செய்யச் சொல்லும்; செய்தால் விட்டுவிடும். வாழ்த்து மட்டும் கேட்ட வைரஸ் அது. எல்லாம் அப்படி இல்லை.

இனி சுத்தம் செய்வது. நிட்டிங் மெஷின் ஓடிய கட்டடத்தில் இருந்த கம்ப்யூட்டரும் வீட்டில் இருந்த கம்ப்யூட்டரும் உள்ளே ஒன்றுபோல் இருக்காது. வீட்டுத் தூசி உதிரும். நிட்டிங் யூனிட்டில் பஞ்சுத் தூசியும் நீடில் ஆயிலின் நுண்துளியும் காற்றில் கலந்து மிதக்கும். ஃபேன் அவற்றை இழுத்து ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் ஆண்டுக்கணக்காக அடுக்கும். ஃபேனைக் கழற்றினால் அடியில் ஒரு சாம்பல் நிறப் படலம் இருக்கும். விரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கினால், கம்பளித் துணி போல அது ஒரே துண்டாக உரிந்து வரும். காற்று புகவே வழியில்லாமல் அந்த ப்ராசஸர் எப்படி ஓடியது என்று வியக்க வேண்டியதுதான்.

யூனிட்டில் இருக்கும் கம்ப்ரஸர் ஏர் கன்னை எடுத்து அடிக்கத்தான் முதலில் கை போகும். அதில் இரண்டு ஆபத்து. கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். டேங்க்கில் தேங்கிய தண்ணீரை வடித்து, ஃபில்டர் வைத்து, அழுத்தத்தைக் குறைத்துத்தான் அடிக்கலாம். இன்னொன்று, காற்று பட்டு ஃபேன் வெறித்தனமாகச் சுற்றினால் அதன் பேரிங் போய்விடும். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். துடைக்கக் கிடைக்கும் பனியன் வேஸ்ட், உலகத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கெல்லாம் ஊரின் கொடை என்றாலும், இங்கே உதவாது. அது விடும் இழை ஸ்லாட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பெயின்ட் பிரஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும். ரேம், கார்டுகளின் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ரப்பர் துகளைத் தட்டிவிட்டுத் திரும்பச் செருகினால், ‘செத்துப்போன’ கம்ப்யூட்டர்களில் பல உயிர்த்தெழும்.

486 வரையிலான போர்டுகளில் பேட்டரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நீல நிறப் பீப்பாய் வடிவில் போர்டிலேயே பற்றவைத்திருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி, வயதானதும் ஒழுகி, செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்துவிடும். ஒழுகுவது காரம். காரத்தை அமிலத்தால்தான் சமன் செய்ய வேண்டும் என்பது திருப்பூருக்குப் பாடம் நடத்த வேண்டிய விஷயம் இல்லை. பிளீச்சிங் முடிந்த துணியில் மிஞ்சும் காரத்தைச் சாயப்பட்டறையில் அசிட்டிக் ஆசிட் விட்டுச் சமன் செய்வதும் இதே கணக்குத்தான். ஆனால் பட்டறை கேனில் இருப்பது வீரியமானது. கடையில் விற்கும் வினிகர் அளவுக்கு, அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு என்று, தண்ணீரில் கலந்து பஞ்சுக்குச்சியால் தொட்டு வைத்து, நுரை அடங்கியதும் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுதும் காயவிட வேண்டும். பேட்டரியை வெட்டி எடுத்துவிடுவது அதற்கு முந்திய வேலை. அதற்கும் முன்னால், மெஷின் ஓடும் நிலையில் இருந்தால், பயாஸ் திரையில் ஹார்ட் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைப் போனில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி போனால் அந்த எண்களும் போய்விடும்; கையால்தான் திரும்பப் போட வேண்டும். பென்டியம் காலத்து போர்டுகளில் பெரும்பாலும் சிஆர்2032 காசுப் பேட்டரி. கழற்றி மாட்டினால் முடிந்தது. 2000-த்தை ஒட்டிய போர்டுகளுக்கு வேறு நோய்: கெபாசிட்டரின் தலை உப்பிக்கொள்ளும். தலை தட்டையாக இல்லாத ஒவ்வொன்றையும், அதே மைக்ரோஃபாரட் அளவிலும் அதே அல்லது கூடுதல் வோல்ட்டிலும் மாற்ற வேண்டும். நிட்டிங் மெஷினின் கண்ட்ரோல் போர்டைச் சரிசெய்யும் மெக்கானிக்குக்கு இது சாதாரண வேலை.

எஸ்எம்பிஎஸ் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230 பக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகக் கூடாது. தவறினால் ஒரு வெடிச் சத்தத்தோடு காரியம் முடியும். ஏடி வகைக் கேபினட்டில் முன்பக்க ஸ்விட்ச்சுக்கே 230 வோல்ட் நேராக வருகிறது. டேப் சுற்றாத ஒயர் அங்கே இருந்தால் ஆளுக்கு ஆபத்து. மதர்போர்டுக்குப் போகும் இரண்டு பிளக்குகளையும் மாட்டும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். மாறினால் போர்டு எரியும். ஏடிஎக்ஸ் வகையில் புது எஸ்எம்பிஎஸ் போடலாம். ஆனால் பழைய போர்டுகள் 5 வோல்ட்டிலிருந்து நிறைய இழுக்கும், புது எஸ்எம்பிஎஸ்கள் 12 வோல்ட்டில்தான் வலுவானவை. ஸ்டிக்கரில் 5 வோல்ட் ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி நம்பி ஓட்டுவதைவிட, அதைத் துணி சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு வைப்பது புத்திசாலித்தனம். கேமராவுக்காக வந்த அந்தக் கார்டு மின் இணைப்பைப் பொறுத்தவரை ஐடிஇ டிஸ்க்கின் மொழியையே பேசுவதால், பின்களை மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறு அடாப்டரே போதும். சத்தம் இல்லை, சூடு இல்லை. கொள்ளளவில் மட்டும் பேராசை கூடாது. 1994-க்கு முந்திய பயாஸ் பெரும்பாலும் 504 எம்பிக்கு மேல் காணாது. அதற்குப் பிறகு வந்தவை 8.4 ஜிபியில் நிற்கும். 1999 வாக்கில் வந்த சில 32 ஜிபியில் உறைந்துபோகும். எம்எஸ்-டாஸ் 6.22 ஒரு பார்ட்டிஷனுக்கு 2 ஜிபிக்கு மேல் ஒப்புக்கொள்ளாது. டாஸ் கேம்கள் எம்பி கணக்கிலும் கேபி கணக்கிலும் இருப்பவை. 2 ஜிபி கார்டு அவற்றுக்கு அரண்மனை.

ஃப்ளாப்பிக்கு மாற்று விஷயத்தில் திருப்பூர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கோட்டெக் என்ற பெயரில் வரும் யுஎஸ்பி ஃப்ளாப்பி எமுலேட்டர் முதலில் எம்பிராய்டரி மெஷின் போன்ற தொழிற்சாலைக் கருவிகளுக்காகவே விற்கப்பட்டது. டிரைவ் இருந்த அதே ஓட்டையில் உட்கார்ந்து, ஒரு பென் டிரைவில் நூறு ஃப்ளாப்பிகளை வைத்துக்கொண்டு, இரண்டு பட்டன்களால் எண்ணை மாற்றிக்கொள்ளும் பெட்டி. உலகெங்கும் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் பின்னால்தான் இதைக் கண்டுபிடித்து, கீர் ஃப்ரேசர் எழுதிய ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றி, கேம் மெஷின்களில் மாட்டத் தொடங்கினார்கள். ஆக, மெஷினிலிருந்து கழற்றிப் போட்ட எமுலேட்டர் யூனிட்டில் ஒன்று கிடந்தால் அதுவே உதவும். 720 கேபி மாடலா 1.44 எம்பி மாடலா என்று மட்டும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வேண்டியது 1.44. ஒயரைத் தலைகீழாகச் செருகினால் டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். திருப்பிச் செருகினால் போதும், எதுவும் எரிந்துபோவதில்லை.

ஆபரேட்டிங் சிஸ்டம் எது என்பதை மெஷினின் வயதே தீர்மானிக்கும். 486-க்கு டாஸ் 6.22. பென்டியம் 2, 3-க்கு விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு; அதற்கடியில் உண்மையான டாஸ் இருப்பதால் இரண்டு உலகமும் ஒன்றில் கிடைக்கும். விண்டோஸ் எக்ஸ்பி போட்டால் அந்த வசதி போய்விடும். விண்டோஸ் 98-க்கு 512 எம்பிக்கு மேல் ரேம் கொடுத்தால் அது திணறி நிற்கும். 128 அல்லது 256 போதும். டாஸ் உரிமம் கையில் இல்லாதவர்களுக்கு, ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய ஃப்ரீடாஸ் சட்டப்படியே இலவசம். பெரும்பாலான கேம்கள் அதில் ஓடுகின்றன.

டாஸில் புதியவரை அழவைப்பது நினைவகம். மெஷினில் 64 எம்பி இருக்கும். ‘மெமரி போதவில்லை’ என்று கேம் மறுக்கும். 1981-இல் ஐபிஎம் பிசி வடிவமைத்தபோது, ப்ராசஸர் எட்டக்கூடிய 1 எம்பியில் மேல் 384 கேபியைத் திரைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கிவிட்டு, புரோகிராமுக்கு 640 கேபி விட்டார்கள். பிறகு எத்தனை ரேம் போட்டாலும் டாஸ் புரோகிராம் வந்து உட்காரும் இடம் அந்த 640 கேபிதான். கட்டிங் டேபிளை நினைத்துக்கொண்டால் விளங்கும். ஹால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் லே விரிப்பது டேபிளில். அந்த டேபிளில் ஓரமாகக் கத்தரி, ஸ்கேல், டீ கிளாஸ் என்று ஆளுக்கொன்றை வைத்துவிட்டால் நீளமான லே விரிக்க இடம் இருக்காது. சிடி டிரைவர், மவுஸ் டிரைவர், டாஸ் எல்லாம் அப்படி டேபிளில் வைத்த சாமான்கள்தாம்.

சாமானை மேலே ஏற்றுவதுதான் வழி. கான்ஃபிக்.சிஸ் என்ற ஃபைலில் முதலில் ஹைமெம்.சிஸ், அடுத்து இஎம்எம்386 ஆகியவற்றை ஏற்றி, ‘டாஸ் ஈக்வல் ஹை, யுஎம்பி’ என்ற வரியைச் சேர்த்தால் டாஸ் தன் உடம்பில் நாற்பது கேபிக்கு மேல் டேபிளை விட்டு எடுத்துக்கொள்ளும். மற்ற டிரைவர்களை ‘டிவைஸ்ஹை’ என்றும், ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலில் ‘எல்எச்’ என்றும் முன்னொட்டு கொடுத்து மேல் தட்டுக்கு அனுப்பலாம். கனமான மவுஸ் டிரைவருக்குப் பதில் மூன்று கேபியே பிடிக்கும் க்யூட்மவுஸ் போடலாம். ‘மெம்’ கட்டளை எவ்வளவு காலி என்று காட்டும். 600 கேபிக்கு மேல் வந்துவிட்டால் ஏறக்குறைய எந்தக் கேமும் குறை சொல்லாது.

ஏறக்குறைய என்பதற்குக் காரணம் உண்டு. 1992-இல் வந்த அல்டிமா 7 தன் சொந்த நினைவக ஏற்பாட்டோடு வருவதால் இஎம்எம்386 இருந்தாலே ஓட மறுக்கும். வேறு சில கேம்கள் அது இல்லாவிட்டால் மறுக்கும். இந்தச் சண்டையைத் தீர்க்க டாஸ் 6 ஒரு மெனு வசதி தந்தது: மெஷின் எழும்போதே ‘இஎம்எம் உண்டு, இல்லை, சிடி உண்டு’ என்று மூன்று வழி வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஏதாவது வரியைத் தவறாக எழுதி மெஷின் எழாமல் போனால், எழும் நேரத்தில் எஃப்5 அழுத்தினால் இரண்டு ஃபைலையும் தாண்டிப் போகும். எஃப்8 ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டுப் போகும்.

அடுத்தது சத்தம். பழைய கேம் விரும்பிகளில் பாதிப் பேர் இந்தப் பாடு முழுவதையும் படுவதே இதற்காகத்தான். கம்ப்யூட்டரோடு வந்த ஸ்பீக்கருக்கு வெறும் ‘பீப்’ மட்டும்தான் தெரிந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டரும், 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16-உம் கேம் எழுதுவோர் எல்லாரும் எதிர்பார்க்கும் தரமாகிவிட்டன. இசை வந்தது யமஹாவின் எஃப்எம் சிப்பிலிருந்து: ஓபிஎல்2, பிறகு ஓபிஎல்3. அந்தச் சிப் போடும் இசைக்கு ஒரு தகர வாசனை உண்டு. அதை அப்படியே கேட்கத்தான் அசல் கார்டு. ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் கிரியேட்டிவ் கார்டு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் யமஹா ஓபிஎல்3-எஸ்ஏ அல்லது இஎஸ்எஸ் 1868 சிப் உள்ள மலிவுக் கார்டு அதே அளவுக்கு வேலை செய்யும். ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கலாம்: டாஸுக்கு பிசிஐ சவுண்ட் கார்டை வாங்கி அவதிப்படுவதைவிட சும்மா இருப்பது மேல்.

கார்டைச் செருகியதும் மூன்று எண்கள் ஒத்துவர வேண்டும். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலில் பிளாஸ்டர் என்ற பெயருக்கு எதிரே ஏ220, ஐ5, டி1 என்று எழுதி வைத்தால் பல கேம்கள் அதைப் படித்துக்கொள்ளும். மற்றவை செட்டப் திரையில் கேட்கும். எம்பிராய்டரி யூனிட் கம்ப்யூட்டரில் இங்கே ஒரு கண்ணி உண்டு. ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர் ஐஆர்க்யூ 7-ஐ எடுத்துக்கொள்ளும். பிரின்டர் போர்ட்டுக்கு, அதாவது டாங்கிள் செருகியிருக்கும் பேரலல் போர்ட்டுக்கு, ஒதுக்கியதும் அதே 7. ஒலி திக்கித் திக்கி வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். கார்டில் ஜம்பரை 5-க்கு மாற்றினால் இரண்டும் சமாதானமாகிவிடும். சிடி டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய ஒயரையும் மறந்துவிடக் கூடாது. 1996-இல் வந்த க்வேக் போன்ற கேம்களின் இசை சிடியில் பாட்டு டிராக்காகவே இருக்கும். அந்த ஒயர் இல்லாவிட்டால் துப்பாக்கிச் சத்தம் கேட்கும், இசை கேட்காது.

வேகம் அதிகமானால் நல்லதுதானே என்று தோன்றும். பழைய கேமில் அது கெடுதல். முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்துக் கேம்கள் சில கடிகாரத்தைப் பார்க்காமல், ‘இத்தனை தடவை சும்மா எண்ணு, பிறகு நகர்’ என்று எழுதப்பட்டவை. வேகமான மெஷினில் அவற்றை ஓட்டினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பழைய கேபினட்டில் இருக்கும் ‘டர்போ’ பட்டனின் வேலையே இதைச் சமாளிப்பதுதான். பெயர் வேகத்தைச் சொல்கிறது. அது இருப்பதோ வேகத்தைக் குறைக்க. டர்போ பட்டன் இல்லாத பென்டியம் மெஷினில் பயாஸுக்குள் போய் எல்1 கேஷை அணைத்துவிட்டால், 386 அல்லது மந்தமான 486 அளவுக்கு இறங்கிவிடும். டர்போ பாஸ்கலில் எழுதிய கேம்களுக்கு வேறு சங்கடம்: 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய மெஷினில் ‘ரன்டைம் எரர் 200’ என்று நின்றுவிடும். கேம் எழும்போது மெஷினின் வேகத்தை எண்ணி 55-ஆல் வகுக்கும் ஒரு வரி அதில் இருக்கிறது. எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகி, விடை தன் பெட்டியில் கொள்ளாமல் போவதால் வரும் பிழை. அதற்கான திருத்தப் புரோகிராம்கள் உண்டு. கேஷை அணைத்தாலும் பெரும்பாலும் தீரும்.

திரைக்கு சிஆர்டி மானிட்டரே பொருத்தம். அந்தக் கேம்களின் படம் 320-க்கு 200 புள்ளிகள். அது 4-க்கு 3 என்ற திரையில் நீட்டிக் காட்டப்படும் என்று எண்ணித்தான் வரைந்தார்கள். அகலமான எல்சிடியில் வட்டம் முட்டையாகிவிடும். மானிட்டர் மெனுவில் 4-க்கு 3 இருந்தால் அதைப் போட வேண்டும். சிஆர்டியின் பின்மூடியை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கி நிற்கும். பழைய ஐந்து பின் கீபோர்டு சாக்கெட்டுக்கு பிஎஸ்/2 அடாப்டர் போதும். மவுஸுக்கு ஒன்பது பின் சீரியல் போர்ட். ஜாய்ஸ்டிக் செருகும் பதினைந்து பின் போர்ட் சவுண்ட் கார்டிலேயே இருக்கும்.

கடைசியில் கேம்கள். தமிழ்நாட்டுப் பள்ளி லேபிலும் கம்ப்யூட்டர் சென்டரிலும் ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாகக் கைமாறியவை டேவ், பிரின்ஸ், பாராட்ரூப்பர். டேஞ்சரஸ் டேவை எழுதிய ஜான் ரொமேரோ பிறகு டூம் உருவாக்கியவர்களில் ஒருவர். பாராட்ரூப்பரை 1982-இல் எழுதிய கிரெக் கூப்பர்பெர்க் இன்று கணிதப் பேராசிரியர். அன்று யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை என்பது ஊரறிந்தது. அது சட்டபூர்வமானது என்று இதற்குப் பொருளில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை நிற்கும். விற்பனையில் இல்லை என்பதால் பொதுச் சொத்தாகிவிடாது. நேர் வழியும் இருக்கிறது. வுல்ஃபன்ஸ்டைன் 3டி, டூம் ஆகியவற்றின் முதல் பாகத்தை ஷேர்வேராக யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்றே வெளியிட்டார்கள். ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கும் பழைய கேம்களில் பலவற்றில் அசல் டாஸ் ஃபைல்கள் அப்படியே இருக்கும். கார்டில் நகல் எடுத்து மாட்டினால் ஓடும். டூம் கேட்பது 386-உம் 4 எம்பி ரேமும்தான். பஞ்சிங் மெஷினாக இருந்த எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது தூசு.

எவ்வளவு பார்த்தும் எழாத மெஷின் இருக்கும். செம்புக் கோடுகள் தின்னப்பட்ட போர்டோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இன்றைய கம்ப்யூட்டரில் 2002-இல் தொடங்கி இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸை ஏற்றி அதே கேம்களை ஆடலாம். இறந்த மெஷினிலிருந்து ஐஎஸ்ஏ கார்டுகள், ரேம், ஃப்ளாப்பி டிரைவ், ஸ்குரூக்கள் வரை கழற்றி வைத்துக்கொண்டால் அடுத்த மெஷினுக்கு உதவும். மிச்சத்தைப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. சிஆர்டி கண்ணாடியில் ஈயம், பேட்டரியில் காட்மியம். செம்புக்காக ஒயரை எரித்தால் அந்தப் புகை தெருவுக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும்.

எழுந்த மெஷினுக்கு ஓர் அட்டை தேவை. ஹார்ட் டிஸ்க் எண்கள், சவுண்ட் கார்டின் முகவரியும் ஐஆர்க்யூவும், எந்தக் கேமுக்கு எந்த மெனு, பேட்டரி மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதி, கேபினட் பக்கத் தகட்டின் உள்புறம் ஒட்டிவிடலாம். பேனா மை பரவும். லாட் கார்டு எழுதும் மார்க்கர் நிற்கும்.